குழந்தை சாப்பிடும்போது உங்கள் கவனம் எங்கே இருக்கிறது?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. போனில் வீடியோ ஓடினால்தான் வாயைத் திறக்கிறான். காய் என்றால் துப்பிவிடுகிறான். ஒவ்வொரு வேளையும் ஒரு மணி நேரப் போராட்டம், கடைசியில் நான் கத்திவிடுகிறேன். பெற்றோர் நிதானமாக, கவனத்தோடு ஊட்டினால் பிள்ளை நன்றாகச் சாப்பிடும் என்கிறார்களே, நிஜமா டாக்டர்?

பதில்: ஓரளவுக்கு நிஜம்தான். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிற பிள்ளையைப் பெற்றவர் நிதானமாக இருப்பது சுலபம் இல்லையா, அதனால் எல்லாப் பழியையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கவனம் என்றதும் கண்ணை மூடித் தியானம் செய்வதை நினைக்காதீர்கள். வயிறு நிறையும்போது குழந்தை மெதுவாக மெல்லும், தலையைத் திருப்பும், உதட்டை இறுக்கும், பருக்கையை விரலால் நசுக்கி விளையாடும். அதைப் பார்க்க உங்கள் கண் அவன் முகத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வீடியோ ஓடினால் அவனுக்கும் தன் வயிறு சொல்வது கேட்காது, உங்களுக்கும் தெரியாது. வாய் தானாகத் திறக்கிறது, நாம் அதைப் பசி என்று நினைத்துக்கொள்கிறோம்.

இன்னொன்று, உங்கள் மனதையும் கொஞ்சம் கவனியுங்கள். குரல் ஏறுகிற அந்த நொடியில் உங்களைத் துரத்துவது அவன் பசியா, இல்லை யாரோ ‘பிள்ளை இளைச்சுப் போச்சே’ என்று சொல்லிவிட்டுப் போனதா? பெரும்பாலும் இரண்டாவதுதான். முதல் வருடத்தில் எடை மூன்று மடங்காகிறது. அப்புறம் வருடத்துக்கு ஏறக்குறைய 2 கிலோதான் கூடும், பசியும் அதற்கேற்பக் குறையும். புது உணவைக் கண்டு மிரள்வதும் 2 முதல் 6 வயதுவரை சகஜம். ஒரு காயை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 தடவைகூட ஆகலாம், நாமோ மூன்றாவது தடவையிலேயே ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ‘காயைச் சாப்பிட்டால் சாக்லேட்’ என்று பேரம் பேசினால் காய் தண்டனை, சாக்லேட் பரிசு என்றுதான் அவன் மனதில் பதியும்.

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் வகுத்த பங்கீட்டைத்தான் நானும் சொல்வேன்: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பாடு; சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளை பாடு. மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்றக் கிளம்பாதீர்கள். ஒரு வேளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், போன் எல்லாம் வேறு அறையில் (அப்பாவுடையதும் சேர்த்துத்தான்), நீங்களும் கூட உட்கார்ந்து அதே காயைச் சாப்பிடுங்கள். அவன் தட்டில் ஒரே ஒரு துண்டு போதும், ‘சாப்பிடு’ என்றும் வேண்டாம், ‘சமர்த்து’ என்றும் வேண்டாம். அரை மணி நேரம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள். முதல் சில நாள் குறைவாகத்தான் சாப்பிடுவான். அடுத்த வேளைக்குள் பிஸ்கட், பால் என்று ஈடுகட்டப் போனால் எல்லாம் வீண். பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் பசியும் போகும், இரும்புச்சத்தும் குறையும்.

எடை குறைந்தாலோ, வளர்ச்சி அட்டையில் கோடு கீழே இறங்கினாலோ, விழுங்கும்போது இருமல், வாந்தி, வலி இருந்தாலோ, விரல்விட்டு எண்ணக்கூடிய உணவுகளைத் தவிர எதையும் தொடாவிட்டாலோ இதையெல்லாம் செய்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், குழந்தை மருத்துவரிடம் நேரில் காட்டிவிடுங்கள்.