பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: ஹாலிவுட் இயக்குநர் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் 10 டாலருக்குத் திரைக்கதையை விற்றாராமே, நிஜமா சார்?

பதில்: நிஜம்தான். அதற்கு முன் பாரமவுண்ட் ஸ்டுடியோவில் நல்ல சம்பளம் வாங்கிய எழுத்தாளர் அவர். தான் எழுதியதை மற்றவர்கள் எடுத்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. ‘தி கிரேட் மெக்கின்டி’ கதையைக் கிட்டத்தட்ட சும்மாவே தருகிறேன், ஆனால் நான்தான் இயக்குவேன் என்று நின்றார். 1940இல் படம் வந்தது. அசல் திரைக்கதைக்கென்று முதன்முதலில் கொடுத்த ஆஸ்கர் அவருக்குத்தான். ஜான் ஹஸ்டன் 1941இலும், பில்லி வைல்டர் 1942இலும் ஹாலிவுட்டில் எழுத்தாளர் நாற்காலியிலிருந்து இயக்கத்துக்கு வந்தார்கள். கதவை முதலில் தட்டித் திறந்தவர் ஸ்டர்ஜஸ் என்றே சொல்வேன்.

கேள்வி: அண்ணா, பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்துப் பழக்கமில்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: ‘தி லேடி ஈவ்’, 1941. யோசிக்கவே வேண்டாம். கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் பணக்கார வீட்டுப் பிள்ளை ஹென்றி ஃபோண்டா புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பார். அத்தனை பெண்களின் கண்ணும் அவர்மேல். சீட்டாட்டத்தில் ஏமாற்றிப் பிழைக்கும் பார்பரா ஸ்டான்விக் அவருக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, கைக்கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்தபடி, யார் எப்படி வலை வீசுகிறார்கள் என்று வர்ணனை செய்வார். ஃபோண்டா எழுந்து அந்தப் பக்கம் வந்ததும் காலை நீட்டி விழவைப்பார். விழுந்தவரிடமே ‘என் செருப்புக் குதியை உடைத்துவிட்டாயே’ என்று சண்டை வேறு! அவள் எவ்வளவு கெட்டிக்காரி, அவன் எவ்வளவு அப்பாவி என்பது அந்த ஒரு காட்சியிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: துணை நடிகர்கள்கூட மனதில் நிற்கிறார்களே, எப்படி?

பதில்: ஒரே கூட்டத்தைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டார். வில்லியம் டெமரெஸ்ட் பாரமவுண்டில் அவர் இயக்கிய எட்டுப் படங்களிலும் உண்டு. ஒரே ஒரு நிமிடம் வருகிறவருக்கும் நாயகனுக்கு நிகரான வசனம் எழுதிக் கொடுத்தார்.

கேள்வி: அப்புறம் ஏன் சரிந்தார்?

பதில்: ‘தி கிரேட் மொமென்ட்’ படத்தை ஸ்டுடியோ வெட்டி மாற்றியது. வெளியே வந்து கோடீஸ்வரத் தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹியூஸோடு சேர்ந்தார். மௌனப்பட நகைச்சுவை நடிகர் ஹெரால்ட் லாய்டை வைத்து எடுத்து 1947இல் வெளியான படத்தை ஹியூஸ் திரும்பப் பெற்று, வேறு பெயரில் சுருக்கி 1950இல் விட்டார். படத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளவே இயக்கத்துக்கு வந்த மனிதருக்கு இதைவிடப் பெரிய அடி வேறென்ன? ஹாலிவுட்டின் சன்செட் பூல்வார் சாலையில் ஸ்டர்ஜஸ் நடத்திய உணவகமும் பணத்தை விழுங்கியது.

கேள்வி: அதற்குப் பிறகு எதுவும் தேறாதா?

பதில்: 1948இல் வந்த ‘அன்ஃபெய்த்ஃபுலி யுவர்ஸ்’ பாருங்கள். வசூலில் தோற்றது, தரத்தில் இல்லை. இசை நடத்துநர் ஒருவர் மேடையில் மூன்று இசைத் துண்டுகளை நடத்தும்போதே, மனைவிமேல் உள்ள சந்தேகத்துக்கு மூன்று விதமாகத் தீர்வு கற்பனை செய்வார். வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்தால் ஒன்றும் நடக்காது. நாற்காலிகூட ஓட்டை விழுந்து காலை வாரும்.