ஐ.க்யூ. 82 என்றால் சிறப்புப் பள்ளிதானா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. ஆங்கில வழியில் மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிறான். பள்ளியில் சொன்னதால் ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்தோம். மிசிக் சோதனையில் மொழிப் பகுதி 71, செயல் பகுதி 93, மொத்தம் 82 என்று எழுதியிருக்கிறார்கள். கேள்விகளை ஆங்கிலத்தில்தான் கேட்டார்களாம். முந்தைய நாள்தான் காய்ச்சல் விட்டிருந்தது. கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருவான். சிறப்புப் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேண்டாம் அம்மா. இந்த ரிப்போர்ட்டை வைத்து அப்படி ஒரு முடிவெடுக்க இடமே இல்லை.

மிசிக் என்பது இந்தியக் குழந்தைகளுக்காக மாலின் என்ற உளவியலாளர் தழுவி அமைத்த அறிவுத்திறன் சோதனை. 6 முதல் 15 வயது வரை பயன்படும். இதன் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். அறிவுத்திறன் குறைபாடு என்று சொல்ல மதிப்பெண் ஏறத்தாழ 70-க்குக் கீழே இருக்க வேண்டும். அதோடு குளிப்பது, உடுத்துவது, காசு புழங்குவது போன்ற அன்றாட வேலைகளிலும் வயதுக்குரிய திறன் குறைந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். 82-ஐ அப்படியே ஏற்றுக்கொண்டாலும் உங்கள் மகன் அதில் வரமாட்டான்.

ஆனால் அந்த 82-ஐயே நான் ஏற்கவில்லை. மிசிக்கில் மொத்த எண் என்பது இரு பகுதிகளின் சராசரி. 71-ம் 93-ம் கூட்டினால் 164, பாதி 82. இடையில் 22 புள்ளி வித்தியாசம் இருக்கும்போது அந்தச் சராசரி பிள்ளையின் எந்தத் திறமையையும் காட்டாது. கட்டைகளை அடுக்கி வடிவம் அமைப்பது, படத்தில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பது போன்றவை செயல் பகுதியில் வரும். அதில் 93 வாங்கியவன், பொது அறிவும் சொற்பொருளும் ஒப்புமையும் கேட்கும் மொழிப் பகுதியில் 71-க்கு இறங்கியிருக்கிறான். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேட்டால் அங்கே அளக்கப்படுவது அவனுடைய ஆங்கிலம். எதை அளக்க வந்தோமோ அதைத்தான் அளக்கிறோமா என்பதையே ஏற்புடைமை என்கிறோம். அது இங்கே உடைந்துவிட்டது.

காய்ச்சலும் சின்ன விஷயமல்ல. மிசிக்கின் மொழிப் பகுதியில் வரும் எண்வரிசைச் சோதனையில் எண்களை வினாடிக்கு ஒன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லக்கூடாது என்பது விதி. சோர்ந்திருக்கும் குழந்தை அந்த இடத்திலேயே தவறவிட்டுவிடும்.

இன்னொன்று: எந்த மதிப்பெண்ணும் ஒற்றைப் புள்ளி இல்லை. நம்பகத்தன்மை, அதாவது மறுபடி எடுத்தாலும் ஏறத்தாழ அதே மதிப்பெண் வரும் தன்மை, 1-க்கு 0.90 உள்ள நல்ல சோதனையில்கூட அளவீட்டுப் பிழை சுமார் 4.7 புள்ளி. அதைப்போல் சுமார் இரு மடங்கை இருபுறமும் விட வேண்டும். அதனால் 82 என்று வந்தால், உண்மை அளவு 73-க்கும் 91-க்கும் இடையில் எங்கோ இருக்கலாம் என்றுதான் படிக்க வேண்டும். இந்த வரம்பைக் குறிப்பிடாத ரிப்போர்ட் அரைகுறை.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கும் ஒரு காது மந்தமான பிள்ளைக்கும் இதே மாதிரி மார்க் வரும். அடுத்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் போங்கள். புதுச்சேரி ஜிப்மரின் மனநலப் பிரிவு உங்களுக்கு எட்டும் தூரம்தான். அதே மிசிக்கை உடனே திரும்ப எடுக்க வேண்டாம்; பழக்கத்தால் மார்க் ஏறிவிடும். குறைந்தது 6 மாதமாவது போகட்டும். அதற்குள் தேவைப்பட்டால் ரேவனின் வண்ணப் படச் சோதனை உண்டு. 36 வினாக்கள், எல்லாமே படங்கள். மொழி அதிகம் வேண்டாம். கூடவே, அன்றாட வேலைகளில் வயதுக்குரிய திறன் இருக்கிறதா என்று பார்க்கும் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்பவர் நீங்கள்தான். சில்லறை எண்ணுவதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள். கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுங்கள்.

எனக்குள்ள சந்தேகம் கற்றல் குறைபாடு. செயல் பகுதி நன்றாக இருந்து படிப்பது மட்டும் திணறினால் அதைப் பார்த்தே ஆகவேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பு இதற்குத்தான்: வாசிப்பு, எழுத்துப்பிழை, கணக்கு, கவனம் எல்லாம் தனித்தனியே அளக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 இந்தக் குறைபாட்டை ஏற்றிருக்கிறது. உறுதியானால் வழக்கமான பள்ளியிலேயே சலுகை கேட்கலாம்.

போகும் நாளில் நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு வரட்டும். தூக்கம் வரவைக்கும் சளி மருந்து கொடுத்திருந்தால் தேதியை மாற்றுங்கள். வலிப்பு மாத்திரை போல தினமும் சாப்பிடுவது இருந்தால் நிறுத்தாதீர்கள், உளவியலாளரிடம் சொல்லுங்கள். வீட்டில் மாதிரிக் கேள்வி பழக்காதீர்கள். தமிழில் கேட்கச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட், பள்ளி நோட்டுகள் இரண்டு, பிரசவக் குறிப்பு இவற்றை எடுத்துப் போங்கள். நோட்டில் அவன் செய்த பிழைகளைத் திருத்திவிடாதீர்கள். உளவியலாளர் முதலில் பார்ப்பது அதைத்தான்.