அறுபது இலைக் கல்யாணம்

கேள்வி: எனக்கு 29 வயது, பாளையங்கோட்டை. தை மாதம் கல்யாணம். திருச்செந்தூரில் தாலி கட்டி, 60 பேரோடு முடித்துக்கொள்ள நானும் அவரும் ஆசைப்படுகிறோம். அவர் வீட்டுப் பட்டியல் மட்டும் 140-ல் நிற்கிறது. அப்பாவோ, "முப்பது வருஷமா ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் செய்முறை செஞ்சிருக்கேன், அந்த எண்ணூறு பேரைக் கூப்பிடாம எப்படிம்மா?" என்கிறார். அம்மா முகம் கொடுத்தே பேசுவதில்லை. எங்கள் கல்யாணத்தை எங்கள் விருப்பப்படி நடத்தக் கூடாதா? யாரை விடுவது, எப்படிச் சொல்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

தாராளமாக நடத்தலாம். சட்டம்கூட உங்கள் பக்கம்தான். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-ல் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினரோ நண்பர்களோ முன்னிலையில் மாலை மாற்றினாலும் மோதிரம் மாற்றினாலும் தாலி கட்டினாலும் கல்யாணம் செல்லும். புரோகிதரே தேவையில்லை என்கிற சட்டம், எண்ணூறு பேரையா கேட்கப்போகிறது? எப்படிக் கட்டினாலும் 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் அப்பாவுக்குச் சட்டம் பிரச்சினை இல்லை. அவர் செய்முறை, அதாவது மொய், எழுதிவைத்திருக்கும் நோட்டுதான் பிரச்சினை.

செய்முறை நோட்டை நம் பிள்ளைகள் வரவு-செலவுக் கணக்காகப் பார்க்கிறார்கள். பணம் திரும்பி வராதே என்று அப்பா கவலைப்படுவதாக நீங்களும் நினைத்திருக்கலாம். அந்தக் கவலை கொஞ்சம் இருக்கும், இல்லாமல் இல்லை. அதைவிடப் பெரியது, வாங்கியவர்களின் சங்கடம். உங்கள் அப்பாவிடம் ஐந்நூறு வாங்கியவர், அதைத் திருப்பிச் செய்ய ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறார். அந்த நாளே வராவிட்டால் அவர் கடன்காரராகவே நிற்பார். "செய்முறை வேண்டாம்" என்று பெருந்தன்மையாகச் சொல்வது அவருக்கு அவமானம்.

அதனால் நோட்டுக்குத் தனியாக ஒரு நாள் கொடுங்கள். உங்கள் பக்கத்தில் குலதெய்வம் சாஸ்தா இல்லாத வீடு குறைவு. கல்யாணம் முடிந்து சில வாரத்தில் இரண்டு பேருமாய்ப் போய்ப் பொங்கல் வையுங்கள். சொந்தக்காரர்கள் அங்கே வரட்டும், அப்பா நோட்டோடு உட்காரட்டும். சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் போதும். பந்தல், மேடை, லைட் மியூசிக் என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் உடனே தடுத்துவிடுங்கள். இல்லையென்றால் எண்ணூறு பேர் பின்வாசல் வழியாக வந்துவிடுவார்கள்.

பட்டியலுக்கு வருவோம். ஆள் ஆளாக வெட்டாதீர்கள், வரிசை வரிசையாக வெட்டுங்கள். இரண்டு பக்கமும் பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், அத்தோடு கோடு. அதைத் தாண்டிய உறவு என்றால் ஒருவர்கூட இல்லை. "பெரிய சித்தப்பா பையனைக் கூப்பிட்டாங்க, என்னைக் கூப்பிடல" என்பதில்தான் பகை முளைக்கும். மொத்த வரிசையும் இல்லையென்றால் கோபம் பங்குபோட்டுக் கரைந்துவிடும். அலுவலகமும் அப்படியே: எல்லாரும், அல்லது யாரும் இல்லை. தாய்மாமன் மட்டும் எந்தக் கோட்டுக்கும் கட்டுப்பட மாட்டார், அதில் கை வைக்காதீர்கள். 140-ஐ உங்கள் மாப்பிள்ளைதான் அவர் அம்மாவிடம் பேசிக் குறைக்க வேண்டும். நீங்கள் பேசினால் அது முதல் நாள் சண்டையாகப் பதிவாகிவிடும்.

கோட்டுக்கு வெளியே நிற்பவர்களிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். மூத்தவர்கள் வீட்டுக்கு அப்பாவும் அம்மாவும் நேரில் போகட்டும், மற்றவர்களுக்குப் போன். எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் இதைச் செய்யாமல் விட்டோம். பெரியம்மா ஒருத்தி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தாலி கட்டும் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அதற்கு நாங்கள் சொன்ன எந்தச் சமாதானமும் இன்றுவரை எடுபடவில்லை. அம்மாவை இந்த வேலையில் இறக்கிவிடுங்கள், பேச்சு தானாக வரும். அவர் பயமே "நாலு பேர் என்னைக் கேட்பாங்களே" என்பதுதான். கேட்பதற்கு முன் அவரே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

திருச்செந்தூர் ஆசையைக் கொஞ்சம் யோசியுங்கள். தை முகூர்த்த நாளில் அங்கே ஜோடிக்குப் பின் ஜோடியாக வரிசை நிற்கும். உங்கள் அறுபது பேர் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருப்பார்கள். கூட்டமில்லாத வேலை நாளைப் பாருங்கள், அல்லது உங்கள் ஊர்ச் சின்னக் கோயில் ஒன்றில் கட்டுங்கள். எங்கே என்றாலும் வயதுச் சான்று, ஆதார், முதல் திருமணம் என்பதற்கான சான்று எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.

இலைக் கணக்கில் நாதஸ்வரக்காரர், போட்டோகிராபர், வேன் டிரைவர் எல்லாரும் உண்டு. அறுபது பேர் என்றால் எழுபத்தைந்து இலை சொல்லுங்கள். பெரிய காண்ட்ராக்ட்காரர்கள் இவ்வளவு குறைவாக எடுக்கத் தயங்குவார்கள். ஊரில் பழைய தவசிப்பிள்ளை (சமையல்காரர்) யாராவது இருப்பார், விசாரியுங்கள்.

எனக்கு உங்கள் கல்யாணத்தில் பொறாமையே இந்த இடத்தில்தான். எல்லாரும் ஒரே பந்தி! அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்க மாட்டார். மறுவீட்டு விருந்தின் தேங்காய்ப் பால் குழம்பான சொதியை எண்ணூறு பேருக்கு வைக்கும்போது தேங்காய்ப் பால் தண்ணீராகிவிடும். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் கூட இருக்கட்டும். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருவதற்குள் இறக்கிவிடச் சொல்லுங்கள்.