வசந்த காலத்துக்கு வீட்டை அழகுபடுத்த, அதிகம் செலவில்லாமல் கையால் என்ன செய்யலாம்?

வெளிநாட்டுப் படங்களில் வரும் கடதாசிப் பூ, முயல், சாயம் பூசிய முட்டை எல்லாம் செய்ய ஆசை, ஆனால் மட்டக்களப்பில் அதற்கான சாமான் வாங்கப் போனால் விலை கையைக் கடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கல்லடியில் இருக்கிறேன். சித்திரைக்கு வாசலில் தொங்குகிற எல்லாவற்றையும் பல வருடமாக நானே செய்து வருகிறேன். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பனி உருகிப் பூப்பூக்கும் வசந்தம் நமக்கு இல்லை. கொண்டல் மழை ஓய்ந்து, பெரும்போக வேளாண்மை, அதாவது மழைக்கால நெல், வெட்டி முடிந்து, வேம்பு பூத்து முற்றமெல்லாம் கொட்டுகிற பங்குனி, சித்திரைதான் நம் வசந்தம். அந்த நேரத்தில் ஊரில் என்ன கிடைக்கிறதோ அதில் செய்தால் செலவு தானாகக் குறைந்துவிடும். நான் முதலில் யோசிப்பது, செய்யப்போவது எத்தனை நாள் தாங்க வேண்டும் என்பதைத்தான். மூன்று நாளைக்கு என்றால் குருத்தோலை. ஒரு வருடத்துக்கு என்றால் நெற்கதிர்.

குருத்தோலையை வருடப்பிறப்புக்கு முதல் நாள் பின்னேரம்தான் எடுக்க வேண்டும். முன்னதாகவே வெட்டி வைத்தால் ஓரம் சுருண்டு பழுப்பேறிவிடும். வெட்டியதும் ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்கிறேன்: வீட்டுத் தென்னையில் ஆசைக்குக் குருத்தை வெட்டாதீர்கள். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று, அதில் கத்தி பட்டால் மரமே போய்விடும். எங்காவது காற்றில் விழுந்த மரமோ, வீடு கட்ட வெட்டுகிற மரமோ இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஒரு மரத்துக் குருத்தில் நாலு வீட்டு வாசலுக்குத் தோரணம் கட்டலாம்.

தோரணம் கட்டுவதில் நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். ஓலையை மடித்துக் கூராக எடுக்கிற மடிப்பைக் குருவி என்போம். முதல் வருடம் பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று குருவிகள் கீழே பார்க்கும்படி கட்டிவிட்டேன். விடியக் காலையில் கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்த என் பெத்தா (பாட்டி) படலையடியிலேயே நின்றுவிட்டா. "என்ன புள்ள இது, செத்த வீட்டுத் தோரணமெல்லா கட்டியிருக்காய்?" என்றா. நல்ல காரியத்துக்குக் குருவித் தலை மேலே பார்க்க வேண்டும், துக்கத்துக்குத்தான் கீழே. பெத்தா வீட்டுக்குள் வராமல் திண்ணையில் இருந்தபடியே முழுவதையும் அவிழ்க்க வைத்து, என் கையைப் பிடித்து மறுபடி மடிக்கப் பழக்கினா. இன்றைக்கும் ஓலையை எடுத்தால் அவவின் காய்த்த விரல்தான் நினைவுக்கு வரும். படத்தைப் பார்த்துப் பழகுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

காய்ந்த ஓலையும் அழகுதான் என்று எனக்குக் காட்டியது பக்கத்து வீட்டு அக்கா. அவர்கள் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் வாங்கும் ஓலையைச் சிலுவையாகப் பின்னி, சாமிப் படத்துக்கு மேலே வருடம் முழுக்க வைத்திருப்பார்கள். அடுத்த விபூதிப் புதனுக்குச் சாம்பலாக்கப் பழைய ஓலையைத் திரும்பக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். நெருக்கமாகப் பின்னியிருப்பதால் காய்ந்தாலும் அது சுருளுவதில்லை, வைக்கோல் நிறத்துக்கு வந்து அப்படியே நிற்கும். அதைப் பார்த்த பிறகுதான் நானும் ஓலைப் பந்து, கிளி எல்லாவற்றையும் இறுக்கிப் பின்னத் தொடங்கினேன்.

சரி, நெற்கதிருக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வெட்டு மெசின் வயலில் இறங்கிவிட்டால் முழுத்தாளோடு கதிர் கிடைக்காது. அதனால் தெரிந்த போடியாரிடம் (வயல் சொந்தக்காரரிடம்) முன்னமே சொல்லி, வரம்போரம் ஒரு மூலையை விட்டுவைக்கச் சொல்ல வேண்டும். நீங்களே கத்தியோடு போய், தாள் நீளமாக வர அடியோடு அறுத்தெடுங்கள். நன்றாக முற்றியது வேண்டாம், மணி உதிர்ந்துவிடும். கதிர் மஞ்சளாகி, தாளில் கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கிற பதம்தான் சரி.

வீட்டுக்குக் கொண்டுவந்து தாளிலுள்ள இலையையெல்லாம் உரித்துவிட்டு, நாற்பது ஐம்பது கதிராகச் சேர்த்துக் கட்டி, தலைகீழாக நிழலில் ஒரு கிழமை தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். பின்னுகிற அன்று கதிர் நனையாமல் தாளை மட்டும் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டால் முறியாமல் வளையும். கதிருக்குக் கீழே சிவப்பு நூலால் இறுக்கி, தாளை மூன்றாகப் பிரித்து, தலைமுடி பின்னுகிற மாதிரிப் பின்னி, நுனியை வளைத்துக் கட்டினால் தொங்கவிட ஒரு காதும் வந்துவிடும். கதிர்கள் கீழே குஞ்சமாக விரிந்து நிற்கும். நிலைக்கு மேலே ஆணியில் மாட்டுங்கள். காற்றடிக்கும்போது மணிகள் ஒன்றோடொன்று உரசிச் சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். எந்தக் கடைச் சாமானிலும் அது இல்லை.

நூலுக்குத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம். மருதமுனைப் பக்கம் போனால் கைத்தறிக்காரர்களிடம் அறுந்த நூல், துண்டுச் சாயநூல் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒருமுறை ஒரு பை நிறையச் சும்மாவே தந்தார்கள். பன் என்கிற கோரைப்புல்லில் பாய் இழைக்கிறவர்களிடம் வெட்டி மிஞ்சிய சாயப்பன் துண்டுகள் இருக்கும். அதைக் குஞ்சத்தின் இடுப்பில் சுற்றினால் எடுப்பாக இருக்கும்.

பிள்ளைகள் இருந்தால் முட்டைக் கோதில் கொஞ்சம் மண் போட்டுப் பயறு நடச் சொல்லுங்கள். நாலைந்து நாளில் முளைத்துவிடும், யன்னலில் வரிசையாக வைக்கலாம். கடற்கரையில் பொறுக்கும் சிப்பியையும் கோத்துத் தொங்கவிடலாம். ஆனால் பாசிக்குடாப் பக்கம் போனால் முருகைக்கல்லை (பவளப்பாறையை) தொடாதீர்கள், அதை எடுப்பது சட்டப்படியும் குற்றம். கொன்றைப்பூவை நம்பி அலங்காரம் செய்ய வேண்டாம், பறித்த அன்றே வாடிவிடும். கடதாசிப் பூவும் நான் செய்வதில்லை. வைகாசியில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று எழும்பினால் ஒரு வாரம்கூட நிற்காது.

கதிர்க்குஞ்சத்துக்கு அந்துப்பூச்சி வரலாம். மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி, நடுவில் காய்ந்த வேப்பிலை கொஞ்சம் செருகிவிடுங்கள். ஊர்க்குருவி வந்து மணி கொத்தினால் நான் துரத்துவதில்லை. அடுத்த வருடம் புதுசு மாட்டும்போது பழையதில் மிஞ்சியதையும் மதிலில் அவற்றுக்கே வைத்துவிடுவேன்.

இந்த வருடமே செய்வதென்றால் போடியாரிடம் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். எங்கள் பக்க வட்டைகளில் (வயல்வெளிகளில்) தைக் கடைசியிலேயே வெட்டுத் தொடங்கிவிடும். தவறவிட்டால் பிறகு சிறுபோக வெட்டுக்கு, ஆவணி வரைக்கும் காத்திருக்க வேண்டும்.