எழுதப்படாத ஓர் அதிகாரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க அரசியல் சாசனத்தைத் திருத்தங்கள் உட்பட முழுவதும் படித்தேன். அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கலாம் என்று அதில் எங்குமே இல்லை. மக்கள் தேர்ந்தெடுக்காத ஒன்பது நீதிபதிகளுக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தார்கள்?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் தேடிய வரி அந்தச் சாசனத்தில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கருத்து திடீரென்று முளைத்ததும் அல்ல. சாசனம் இன்னும் நடைமுறைக்கு வராத 1788இலேயே, சாசனமும் சாதாரணச் சட்டமும் மோதினால் நீதிமன்றம் சாசனத்தின் பக்கமே நிற்க வேண்டும் என்று, அந்தச் சாசனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன் எழுதியிருந்தார். அது தீர்ப்பாக வந்தது 1803இல், மார்பரி வழக்கில்.

தேர்தலில் தோற்ற அதிபர் ஜான் ஆடம்ஸ், 1801 மார்ச்சில் பதவி விலகும் தறுவாயில் வில்லியம் மார்பரியைத் தலைநகர்ப் பகுதியின் அமைதி நீதிபதியாக நியமித்தார். ஆணையில் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன. அது உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. புதிய அதிபர் ஜெபர்சனின் அரசு அதைத் தர மறுத்தது. 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் அனுமதிக்கிறது என்று சொல்லி மார்பரி நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், மார்பரிக்கு அந்த ஆணையைப் பெறும் உரிமை உண்டு என்றார். ஆனால் வழக்கை நேரடியாக விசாரிக்கும் அதிகாரத்தைத் தூதர்கள், மாநிலங்கள் தொடர்பான வழக்குகளுக்கு மட்டுமே சாசனம் உச்ச நீதிமன்றத்துக்குத் தந்திருக்கிறது, காங்கிரஸ் அதைச் சாதாரணச் சட்டத்தால் விரிவாக்க முடியாது, ஆகவே அந்தச் சட்டப்பிரிவு செல்லாது என்று முடித்தார். தனக்குக் கொடுக்கப்பட்ட ஒரு சிறிய அதிகாரத்தை வேண்டாம் என்று சொல்லித்தான் அந்த நீதிமன்றம் மிகப் பெரிய அதிகாரத்தை நிலைநாட்டியது. மார்பரிக்கு ஆணை கிடைக்கவில்லை. எனவே ஜெபர்சன் மீறுவதற்கும் எதுவும் இருக்கவில்லை.

முந்தைய அரசில் வெளியுறவுச் செயலராக இருந்து அந்த ஆணைகளை அனுப்பிவைக்க வேண்டியிருந்தவரே மார்ஷல்தான். அவர் இந்த வழக்கை விசாரித்திருக்கக் கூடாது என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் அவருடைய வாதத்தின் மையத்தை என்னால் மறுக்க முடியவில்லை: சாதாரணச் சட்டத்தால் சாசனத்தை மீற முடியுமென்றால், அதிகாரத்துக்கு எல்லை வகுத்து அதை எழுதிவைத்ததற்கே பொருளில்லை.

உங்கள் அச்சம் முழுமையாக உண்மையானது 1857இல். காங்கிரசின் சட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கிய அடுத்த பெரிய வழக்கு, விடுதலை கேட்டு வழக்காடிய அடிமை டிரெட் ஸ்காட்டுடையது. வடக்குப் பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுத்த சட்டம் செல்லாது என்றும், கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்றும் அது தீர்ப்பளித்தது. அதைத் துடைத்தெறிய ஓர் உள்நாட்டுப் போரும், அடிமை முறையை ஒழித்த 13ஆம் திருத்தமும், குடியுரிமையை உறுதிசெய்த 14ஆம் திருத்தமும் தேவைப்பட்டன. இந்த அதிகாரத்தைப் போற்றி எழுதுபவர்கள் டிரெட் ஸ்காட்டைக் கடந்து போய்விடுவது எனக்கு வேதனை தருகிறது.

யார் கொடுத்தார்கள் என்று கேட்டீர்கள். கீழ்ப்படிந்தவர்கள் கொடுத்தார்கள் என்பதே என் பதில். நீதிமன்றத்திடம் படையும் இல்லை, கருவூலமும் இல்லை. 1952இல் கொரியப் போரின் நடுவே எஃகு ஆலைகளை அரசின் பொறுப்பில் எடுத்த அதிபர் ட்ரூமன், அது செல்லாது என்று 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்ததும் அவற்றைத் திருப்பிக் கொடுத்தார். 1974இல் வாட்டர்கேட் ஊழல் விசாரணைக்காக, தன் உரையாடல்கள் பதிவான ஒலிநாடாக்களை ஒப்படைக்கச் சொல்லி 8 நீதிபதிகள் ஒருமனதாக ஆணையிட்டபோது அதிபர் நிக்சன் பணிந்தார். அடுத்த மாதமே பதவியிலிருந்தும் விலகினார்.

கீழ்ப்படிய மறுப்பு வந்தபோது நடந்ததையும் பாருங்கள். 1957இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்ற தீர்ப்பின்படி உயர்நிலைப் பள்ளிக்குள் செல்ல வந்த ஒன்பது கறுப்பின மாணவர்களை ஆளுநர் மாநிலக் காவற்படையைக் கொண்டு தடுத்தார். அவர்களை உள்ளே அழைத்துச் செல்ல அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. மறு ஆண்டு, மாநிலங்களும் இந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவையே என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, ஒன்பது நீதிபதிகளும் தங்கள் பெயர்களைத் தனித்தனியே குறிப்பிட்டு, 1803ஆம் ஆண்டின் மார்பரி தீர்ப்பையே ஆதாரமாகக் காட்டினார்கள்.

அன்புடன்.