வாசலில் 'டி' அட்டை, கையில் 500 டாலர் நோட்டீஸ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் மேடம். நியூயார்க் குவீன்ஸில் 74 வீடுகள் உள்ள பழைய கோ-ஆப் (குடியிருப்பவர்களே கூட்டாக உரிமை கொண்ட) கட்டடம் எங்களுடையது. பாய்லர் எண்ணெயில் ஓடுகிறது. இந்த வருடம் போர்டில் பொருளாளர் பொறுப்பு எனக்கு வந்தது. மேனேஜிங் ஏஜென்ட் மாறிய குழப்பத்தில், மே 1-க்குள் நகரத்துக்கு அனுப்ப வேண்டிய பெஞ்ச்மார்க்கிங் கணக்கு, அதாவது கட்டடம் வருடம் முழுக்கச் செலவழித்த எரிசக்தியின் கணக்கு, போகவில்லை. 500 டாலர் அபராதம் வந்துவிட்டது. வாசலில் எரிசக்திச் சிக்கனத்துக்கு நகரம் தந்த போன வருடத்து 'டி' தர அட்டை வேறு. பழைய கணக்கில் பரப்பளவு 68,000 சதுர அடி என்று இருக்கிறது. தண்ணீர்க் கணக்கும் கேட்பார்களாமே? எங்கிருந்து தொடங்குவது?

– கோ-ஆப் பொருளாளர், குவீன்ஸ்

பதில்: அபராதத்தைக் கட்டியதோடு விட்டுவிடாதீர்கள். ஆகஸ்ட் 1, நவம்பர் 1, பிப்ரவரி 1 என்று ஒவ்வொரு கெடுவைத் தவறவிடும்போதும் இன்னொரு 500 சேரும். வருடத்துக்கு 2,000 டாலர் வரை போகும். கணக்கே போகாவிட்டால் அக்டோபர் இறுதிக்குள் ஒட்ட வேண்டிய புது அட்டையில் 'எஃப்' என்று இருக்கும். ஆகஸ்ட் 1-க்குள் அனுப்பிவிடலாம், கவலைப்படாதீர்கள்.

இந்தக் கணக்கைக் கேட்பது 2009-இல் வந்த 84-ஆம் உள்ளூர்ச் சட்டம். அது 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களைத்தான் முதலில் பிடித்தது. 2016-இல் வந்த 133-ஆம் சட்டம் வரம்பை 25,000-க்கு இறக்கியது. 2011-இல் முதல் கணக்கு போன காலத்திலிருந்து நான் இந்த வேலையில் இருக்கிறேன். பெரும்பாலான போர்டுகள் இதை ஏஜென்ட் நிரப்பும் படிவமாகவே பார்க்கின்றன. அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். உங்கள் கட்டடம் பன்னிரண்டு மாதம் எப்படி ஓடியது என்று சொல்லும் ஒரே இடம் அதுதான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்குவேன். அந்த 68,000 எங்கிருந்து வந்தது? சொத்துவரிப் பதிவிலிருந்து அப்படியே எடுத்திருந்தால் அது குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. கணக்கை ஏற்றும் இணையதளமான எனர்ஜி ஸ்டார் போர்ட்ஃபோலியோ மேனேஜர் கேட்பது வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை உள்ள மொத்தப் பரப்பு. பாய்லர் அறை, லாண்டரி, லாபி, படிக்கட்டு, சாமான் அறை எல்லாம் அதில் சேரும். திறந்த பால்கனியும் கார் நிறுத்துமிடமும் சேராது. உண்மையான பரப்பு 75,000 என்றால், அதே எரிசக்தியைக் குறைந்த பரப்பில் எரித்ததாகக் காட்டித்தான் இத்தனை நாள் மதிப்பெண் வாங்கியிருக்கிறீர்கள். 55-க்குக் கீழே 'டி', 55 முதல் 69 வரை 'சி'. சில புள்ளிகளில் எழுத்து மாறிவிடும்.

அடுத்தது எண்ணெய். மின்சாரக் கணக்கை மின் நிறுவனமான கான் எடிசனே ஏற்றிவிடும். எண்ணெய் ரசீதுகளை நீங்கள்தான் கையால் ஏற்ற வேண்டும். ஒரு கட்டடத்தில் ஜனவரியில் வந்த ஒரே லாரியின் ரசீது இரண்டு முறை பதிவாகியிருந்தது. மூன்று வருடமாக அதை யாரும் கவனிக்கவில்லை. ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, சூப்பரை (கட்டடப் பராமரிப்பாளரை) பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சரிபாருங்கள். எந்த லாரி எப்போது வந்தது என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும்.

தண்ணீருக்கு வருவோம். கட்டடத்தில் தானியங்கி மீட்டர் வருடம் முழுக்க ஓடியிருந்தால் தண்ணீர்க் கணக்கும் கட்டாயம். நகரத்தின் தண்ணீர்த் துறையான டிஇபியே அதை ஏற்றித் தரும், நீங்கள் அனுமதி கொடுத்தால் போதும். கையால் ஏற்றுவதாக இருந்தால் அலகைப் பாருங்கள். பில்லில் இருப்பது நூறு கன அடிக் கணக்கு. ஒன்றுக்கு 748 கேலன். அதை கேலன் என்றே ஏற்றிவிட்டு, 'எங்கள் கட்டடம்தான் சிக்கனம்' என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்றிய பிறகு மாதவாரி வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கோ-ஆப்பில் தண்ணீர்ப் பில் வீட்டுக்கு வீடு வருவதில்லை, அதனால் கழிப்பறை ஒழுகினாலும் யாரும் குறை சொல்வதில்லை. நள்ளிரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் பேஸ்மென்ட் மீட்டரைப் படித்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஊரே உறங்கும்போது நிமிடத்துக்கு 4 கேலன் ஓடுகிறது என்றால் மாதத்துக்கு 1,72,000 கேலனுக்கு மேல் வீண். இந்த நகரத்தில் தண்ணீர்க் கட்டணத்தின் மேல் அதில் 159 சதவீதம் சாக்கடைக் கட்டணமும் சேர்கிறது. அதாவது ஒழுகலுக்கு இரண்டரை மடங்குக்கு மேல் கட்டுகிறீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் கழிப்பறைத் தொட்டியில் உணவுச் சாயம் நாலு சொட்டு விட்டு, தண்ணீர் திறக்காமல் கொஞ்ச நேரம் காத்திருங்கள். கோப்பையில் நிறம் வந்தால் தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது. சில டாலரில் மாற்றிவிடலாம்.

போர்டில் யாராவது அலட்சியம் செய்தால், கட்டடங்கள் வெளியிடும் கார்பனுக்கு வரம்பு வைக்கும் 97-ஆம் சட்டத்தைக் காட்டுங்கள். 75,000 சதுர அடி. வருடத்துக்கு 30,000 கேலன் எண்ணெய். எல்லா வீடும் சேர்த்து 3,90,000 யூனிட் மின்சாரம் என்று வைத்துக்கொள்வோம். 2029 வரை உச்சவரம்பு சுமார் 506 டன், நீங்கள் 420 டன்னில் தப்பிவிடுவீர்கள். 2030-இல் வரம்பு 251 டன்னாகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் போடும் கார்பன் கணக்கு அப்போது குறைந்தாலும் நீங்கள் 364 டன்னில் நிற்பீர்கள். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 268 டாலர், ஆக வருடத்துக்கு 30,000 டாலருக்கு மேல். பாய்லரைப் பற்றிய பேச்சை இந்த வருடமே தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: வாடகைக்கு இருப்பவர்கள் மின் பில்லைக் காட்ட மறுக்கிறார்கள். பொது மீட்டரை மட்டும் கொடுத்தால் போதாதா?

– ஒரு வாசகி, புரூக்ளின்

பதில்: போதாது. லாபி விளக்கும் லிஃப்டும் மட்டும் கணக்கில் வந்தால் மதிப்பெண் தொண்ணூற்றைத் தாண்டும், ஆனால் அது பொய்க் கணக்கு. யார் பில்லையும் கேட்க வேண்டாம். கான் எடிசனிடம் முழுக் கட்டடத்தின் கூட்டுத்தொகையைக் கேளுங்கள், எந்த வீடு எவ்வளவு என்பது அதில் தெரியாது. உங்கள் பகுதியில் எரிவாயு நேஷனல் கிரிடிலிருந்து வந்தால் அவர்களிடமும் தனியாகக் கேட்க வேண்டும். கட்டடத்தின் பத்து இலக்க பிபிஎல் எண்ணை (நகரத்தின் மனை அடையாள எண்ணை) கையில் வைத்துக்கொள்ளுங்கள்.