ராகி தானேன்னு ரெண்டு சொம்பு கூழ் குடிக்கலாமா?

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு 58 வயசு, சுகர் வந்து ஆறு வருஷம் ஆச்சு. டாக்டர் சாதத்த கொறைக்க சொன்னதுல இருந்து முழுக்க ராகிக்கு மாத்திட்டோம், காலைல கூழ், மதியம் களி, ராத்திரி ராகி தோசை. அப்படியும் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாத்தா 240க்கு கீழ எறங்க மாட்டேங்குது. கீரை செஞ்சு வெச்சா உப்பில்ல ஒரைப்பில்லன்னு தட்ட தள்ளிடறார். என்ன பண்றது?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: தங்கச்சி, உன் கடுதாசிய படிச்சதும் எங்க மாமியார் ஞாபகம்தான் வந்துச்சு, அவங்களும் இப்படித்தான் ராகிதானேன்னு காலைல ரெண்டு சொம்பு கூழ் குடிச்சிட்டு இருந்தாங்க. ராகி நல்லதுதான், நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி சனங்கள வளத்ததே அதுதான். ஆனா ராகியும் மாவுச்சத்துதான்மா. 100 கிராம் பச்சரிசில மாவுச்சத்து 78 கிராம்னா ராகில ஒரு 67 கிராம், அவ்ளோதான் வித்தியாசம். ராகியோட பலம் நார்ச்சத்துல இருக்கு, அரிசில 3 கிராம் கூட வராது, ராகில 11 கிராம். ஆனா நாம என்ன பண்றோம், மில்லுல நைசா அரைச்சு, அதையும் சலிச்சு, நொய் போட்டு கொழைய காய்ச்சி, தண்ணியா கரைச்சு குடிச்சிடறோம், மெல்லற வேலையே இல்ல, போன வேகத்துல சக்கரையா ரத்தத்துல ஏறிடுது. அதனால மொதல்ல கூழ நிறுத்து. மாவ சலிக்காம வெச்சுக்க, களியா ஒரு வேளை மட்டும் போதும்.

களில நொய் போடாத. ஓசூர் பக்கம் கன்னடக்காரங்க முத்தே கிண்டுவாங்க பாரு, அந்த மாதிரி வெறும் மாவுலயே நல்லா வரும். ஒரு டம்ளர் மாவுக்கு ரெண்டேகால் டம்ளர் தண்ணி, அதுல ஒரு ஸ்பூன் மாவ முன்னாடியே கரைச்சு விட்டு உப்பு போட்டு கொதிக்க விடு, தளதளன்னு வரும்போது மீதி மாவ நடுவுல குமிச்சு கொட்டி, களிக்கட்டையால நடுவுல ஒரு குழி போட்டு, கிளறாம சின்ன தீயில மூடி வெச்சிடு. பத்து நிமிஷம் கழிச்சு கீழ எறக்கி வெச்சு ஒரே பக்கமா அழுத்தி கிண்டு, ஈரக்கையால தொட்டா ஒட்டக்கூடாது, அதான் பதம். அப்பாவுக்கு 50 கிராம் மாவு அளவுதான், உருட்டினா ஒரு ஆரஞ்சுப் பழம் சைஸ் வரும். நம்ம ஊருல தட்டு நிறைய களிய வெச்சு குழிய பறிச்சு குழம்ப ஊத்துவோம் இல்ல, அத அப்படியே மாத்தி தட்டு நிறைய கீரையும் பயறும் வெச்சு ஓரத்துல களிய வை. மொதல்ல கீரையும் காயும் பாதி சாப்பிட்டுட்டு அப்புறம் களில கை வெச்சா சாப்பாட்டுக்கு அப்புறம் சுகர் எகிறது நல்லாவே கொறையும், எங்க வீட்ல மிஷின்ல குத்தி பாத்தே தெரிஞ்சுகிட்டோம்.

இப்ப ருசிக்கு வரேன், ஏன்னா அவர் தட்ட தள்றதுக்கு காரணம் வீம்பு இல்ல, பத்தியம்ங்கற பேருல புளி, மொளகா, பூண்டு எல்லாத்தயும் நிறுத்திட்டிருப்பீங்க. சுகருக்கும் காரத்துக்கும் பகை கெடையாது. உப்பும் எண்ணெயும்தான் அளவு, ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராம் தாண்டக்கூடாது. கொள்ள ராத்திரியே ஊற வெச்சு குக்கர்ல ஆறேழு விசில் விட்டு, தண்ணிய ரசத்துக்கு வடிச்சு வெச்சுட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, வரமொளகா, சீரகம், கொத்தமல்லி வெத வறுத்து சேத்து, நெல்லிக்கா அளவு புளி போட்டு மண்சட்டில மத்தால கடைஞ்சு குடு. அந்த வாசத்துக்கே களி எறங்கும். கீரையும் அப்படித்தான், பச்சமொளகாயும் பூண்டும் தாராளமா போட்டு கடை. முக்கியமா அவருக்குன்னு தனி சட்டி வேணாம், வீட்ல எல்லாரும் அதையே சாப்பிடுங்க, தனியா சமைச்சு தனியா வெச்சாதான் நோயாளின்னு மனசு ஒடையுது. கிட்னில பிரச்சன இருக்குன்னு சொல்லிருந்தா மட்டும் பயறும் கீரையும் எவ்ளோன்னு டாக்டர கேட்டுட்டு செய். மாத்திரைய நீங்களா கொறைக்காதீங்க.

கேள்வி: எங்களுக்கு மாந்தோப்பே இருக்குங்க. சுகர் இருக்கறவன் சீசன்ல மாம்பழத்த பாத்துட்டே உக்காந்திருக்கணுமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: வேணாம் அண்ணே, சாப்பிடுங்க. கிருஷ்ணகிரி மண்ணுல பொறந்தவங்கள மாம்பழம் தொடாதன்னு சொல்ல எனக்கு மனசு வராது. சுகர் கட்டுக்குள்ள இருந்தா ஒரு வேளைக்கு தோல் கொட்டை போக 100 கிராம் துண்டு, அதுல மாவுச்சத்தும் சக்கரையும் சேந்து ஏறத்தாழ 15 கிராம். ஆனா களியும் சோறும் தின்னுட்டு அதுக்கு மேல வேணாம், சாயங்காலம் பசிக்கும்போது ஒரு கைப்பிடி வேர்க்கடலையோட சாப்பிடுங்க. ஜூஸ் வேண்டவே வேணாம், ஒரு டம்ளர்ல ரெண்டு பழம் போயிடும். வெல்லம், நாட்டுச்சக்கரை போட்டா பரவால்லன்னு சொல்றாங்களே அதையும் நம்பாதீங்க, வெள்ள சக்கரை மாதிரியேதான் ஏத்தும். மாங்காய்ல கைய வைங்க. பெங்களூரா காய தோலோட நறுக்கி மொச்சக்கொட்ட குழம்புல போட்டா புளியும் கம்மி, உப்பும் கம்மியாவே போதும்.

கேள்வி: வீட்டுக்காரருக்கு ஓசூர் கம்பெனில நைட் ஷிஃப்ட். சுகர் மாத்திரை போட்டுட்டு போறார், டிபன் அப்படியே திரும்பி வருது.
– ஒரு வாசகி, சூளகிரி

பதில்: இதுதான் எனக்கு பயமா இருக்கு. சில மாத்திரைகள போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சுகர் 70க்கு கீழ போயிடும், கை நடுங்கும், குப்புனு வேர்க்கும், மிஷின் பக்கத்துல நிக்கற மனுஷனுக்கு அது ஆபத்து. ஷிஃப்ட் நேரத்துக்கு மாத்திரைய எப்ப போடறதுன்னு இந்த வாரமே டாக்டர்கிட்ட கேளுங்க. சாப்பாடு ஆறிப்போனாலும் நல்லா இருக்கறதா குடுங்க, ரெண்டு சப்பாத்தி, தேங்கா கம்மியா தட்டப்பயறு சுண்டல், அவிச்ச முட்டை, வெள்ளரிக்கா. பாக்கெட்ல மூணு டீஸ்பூன் சக்கரை பொட்டலம் கட்டி வைங்க, நடுக்கம் வந்தா தண்ணில கலந்து உடனே குடிக்கணும், 15 நிமிஷம் கழிச்சும் சரியாகலன்னா இன்னொரு தடவ. அந்த நேரத்துல சாக்லேட், பிஸ்கட் வேணாம், அதுல இருக்கற கொழுப்பால சக்கரை ஏற லேட்டாகும். பக்கத்துல வேல செய்றவர்கிட்டயும் விஷயத்த சொல்லி வைக்க சொல்லுங்க.